யாஹூ முகவரியிலிருந்து ஒரு மடல் வந்தால் ஜிமெயில் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பவுன்ஸ்: டிமார்க், மெயில்மேன் 2.1

நெய்தல் (கேள்வி)

வணக்கம். சுமார் 400 பேர் உள்ள தமிழ் மடலாடற்குழு ஒன்றின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். குழுவை நடத்தும் மென்பொருள் மெயில்மேன் 2.1.39, மூலநிரலிலிருந்து நிறுவியது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருள் வழியே மடல் போகிறது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஜிமெயில்.

யாஹூ முகவரி வைத்திருக்கும் உறுப்பினர் யாராவது எழுதினால் அந்த மடலுக்கு மட்டும் பவுன்ஸ் (மடல் சேரவில்லை என்ற அறிவிப்பு) கொத்தாகத் திரும்பி வருகிறது. 550 5.7.26 என்ற எண், கூடவே "அந்த டொமைனின் டிமார்க் பாலிசி காரணமாக ஏற்கவில்லை" என்ற பொருளில் ஒரு வரி (டிமார்க் என்பது ஃப்ரம் வரியில் உள்ள டொமைன் போலியா என்று பார்க்கும் முறை; தேறாத மடலை என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்வது பாலிசி). ஜிமெயிலிலிருந்து ஒருவர் எழுதும் மடல் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது.

யாஹூக்காரர்கள் தொடர்ந்து எழுதும் வாரங்களில் ஜிமெயில் உறுப்பினர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'பி' என்ற குறி விழுந்து டெலிவரி நின்றுவிடுகிறது. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. எங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் (எந்த ஐபிகள் அந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) சர்வரின் ஐபி சரியாக இருக்கிறது. டிகிம் (சர்வர் மடலில் இடும் மின்கையொப்பம்) இன்னும் போடவில்லை.

மூன்று சந்தேகங்கள். எவ்வளவு பவுன்ஸுக்குப் பிறகு டெலிவரியை நிறுத்துவது என்ற வரம்பை 5-லிருந்து 50 ஆக்கிவிட்டால் போதுமா? தலைப்பில் வரும் குழுப்பெயரையும் மடலின் அடியில் வரும் 'விலக இங்கே' வரிகளையும் எடுத்தே ஆகவேண்டுமா? எஸ்பிஎஃப் சரியாக இருந்தும் ஏன் தோற்கிறது?

---

வடகரை

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

எஸ்பிஎஃப் பார்ப்பது மடலின் உறை முகவரியை, அதாவது ரிட்டர்ன்-பாத்தில் இருப்பதை. மெயில்மேன் வெளியே அனுப்பும்போது அங்கே உங்கள் குழுவின் 'பவுன்ஸஸ்' முகவரியைப் போடுகிறது. அந்த டொமைனுக்கு உங்கள் ஐபி செல்லும், ஆகவே எஸ்பிஎஃப் தேறிவிடுகிறது. டிமார்க் அதோடு நிற்பதில்லை. தேறிய டொமைனும், வாசகர் கண்ணில் படும் ஃப்ரம் வரியில் உள்ள டொமைனும் ஒன்றா என்று பார்க்கிறது. ஃப்ரம் வரியில் யாஹூ, தேறியது உங்கள் டொமைன். பொருந்தவில்லை. உங்கள் எஸ்பிஎஃப்-இல் எதைச் சேர்த்தாலும் இது மாறாது. யாஹூவின் எஸ்பிஎஃப்-இல் உங்கள் ஐபியைச் சேர்த்தால்கூடப் பயனில்லை, ஏனென்றால் உறையில் யாஹூவே இல்லை.

இரண்டாவது வழி டிகிம். யாஹூ சர்வர் மடலில் கையொப்பம் இட்டுத்தான் உங்களுக்கு அனுப்புகிறது. அது முறியாமல் போய்ச் சேர்ந்தால் டிமார்க் தேறிவிடும். தலைப்பில் குழுப்பெயரைச் சேர்த்த உடனே சப்ஜெக்ட் வரி மாறுகிறது. அடியில் இரண்டு வரி சேர்த்ததும் உடலின் ஹேஷ் (உரையிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறுகிறது. இரண்டில் ஒன்றே கையொப்பத்தை முறிக்கப் போதும்.

யாஹூ 2014 ஏப்ரலில் தன் பாலிசியை 'ரிஜெக்ட்' (தேறாததைத் தள்ளிவிடு) ஆக்கியது. அதே மாதம் ஏஓஎல்லும் ஆக்கியது. உலகம் முழுக்க மடலாடற்குழுக்களில் இந்தச் சிக்கல் வெடித்தது அப்போதுதான். ஜிமெயில் தன் முகவரிகளுக்கு வைத்திருப்பது 'நன்' பாலிசி. உங்கள் ஜிமெயில் ஆசிரியர்களின் மடலிலும் டிமார்க் தோற்கத்தான் செய்கிறது, ஆனால் தள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதால் அது போய்ச் சேருகிறது.

இப்போது வரம்பு. 50 ஆக்க வேண்டாம். உண்மையிலேயே செத்துப்போன முகவரிகளும் பட்டியலிலேயே தங்கிவிடும், அவற்றுக்குத் தினமும் அனுப்பினால் உங்கள் ஐபியின் பெயர் கெடும். கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பவுன்ஸ் வந்தாலும் அதிகபட்சம் 1 புள்ளி. தற்காலிகப் பிழைக்கு அரைப் புள்ளி. இயல்பு வரம்பு 5.0. 7 நாள் ஒரு பவுன்ஸும் வராவிட்டால் பழைய கணக்கு காலாவதி. ஆக யாஹூக்காரர் ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள் எழுதினாலே மொத்த ஜிமெயில் கூட்டமும் நின்றுவிடும். நின்றபின் 7 நாள் இடைவெளியில் 3 எச்சரிக்கை போகும், அதற்குப் பிறகு ஆளையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். எழுதியவருக்கோ எதுவுமே தெரியாது, பவுன்ஸ் எல்லாம் குழுவின் முகவரிக்குத்தான் வருகிறது.

இன்றைக்கே செய்யவேண்டியது: நிர்வாகப் பக்கத்தில் 'பவுன்ஸ் பிராசஸிங்' பகுதிக்குப் போய் அதை 'நோ' ஆக்குங்கள். இது தற்காலிகம் மட்டுமே. ஆள் இழப்பு நிற்கும், மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

அடுத்து 'பிரைவஸி ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'சென்டர் ஃபில்டர்ஸ்'. அங்கே 'டிமார்க் மாடரேஷன் ஆக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அதை 'மஞ்ச் ஃப்ரம்' ஆக்குங்கள். பக்கத்திலேயே குவாரன்டைன் பாலிசிக்கும் இதைச் செய்யவா என்று கேட்கும், 'யெஸ்' என்றே விடுங்கள். குவாரன்டைன் டொமைன்களின் மடல் பவுன்ஸ் ஆகாமல் சத்தமின்றி ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடும். பவுன்ஸ் இல்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம், படிக்கவேண்டியவர் படித்திருக்க மாட்டார்.

இதன் பிறகு ரிஜெக்ட், குவாரன்டைன் டொமைன்களிலிருந்து வரும் மடலுக்கு மட்டும் ஃப்ரம் வரியில் குழுவின் முகவரி வரும். பெயர் '(எழுதியவர்) வயா (குழு)' என்று தெரியும், அவருடைய உண்மையான முகவரி ரிப்ளை-டு வரிக்குப் போகும். மற்றவர்களின் மடலில் மாற்றம் இல்லை. 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஃப்ரம் இஸ் லிஸ்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. அது எல்லோருடைய ஃப்ரம் வரியையும் மாற்றிவிடும், அதைத் தொடாதீர்கள்.

'ராப் மெசேஜ்' என்ற தேர்வும் உண்டு. மூல மடலை அப்படியே ஒரு இணைப்பாக உள்ளே வைத்து அனுப்பும். தொழில்நுட்பமாகச் சுத்தமானது, ஆனால் கைப்பேசியில் படிப்பவர்களுக்குப் பெரும் தொல்லை. பொதுக்குழுவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

---

போஸ்ட்மாஸ்டர்

வடகரை சொன்னது சரி. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். ஃப்ரம் வரியை மாற்றுவது கடைசி வழியாக இருக்கவேண்டும். யார் எழுதினார்கள் என்பது மடலின் உயிர். முகவரிப் புத்தகத்தில் ஆசிரியரின் பெயரோடு குழுவின் முகவரி பதிந்துவிடும், பிறகு அவருக்குத் தனியாக எழுத நினைப்பவர் மொத்தக் குழுவுக்கும் எழுதிவிடுவார். குடும்ப விஷயம், பண விஷயம் எல்லாம் பொதுவில் வந்து விழும்.

மடலைத் தொடாமல் அனுப்பினால் யாஹூவின் கையொப்பம் பிழைக்கும், ஃப்ரம் வரியும் பிழைக்கும். அதற்கு மெயில்மேனில் தேவையானவை: சப்ஜெக்ட் பிரிஃபிக்ஸைக் காலியாக்குங்கள், மடலின் மேல்வரி, அடிவரி இரண்டையும் காலியாக்குங்கள், 'ஃபில்டர் கன்டென்ட்' 'நோ', எச்டிஎம்எல்-ஐ வெற்று உரையாக்கும் தேர்வு 'நோ', இணைப்புகளைப் பிரித்து வைக்கும் 'ஸ்க்ரப்' தேர்வு 'நோ'. 'ரிப்ளை கோஸ் டு லிஸ்ட்' என்பதை 'போஸ்டர்' ஆக்குங்கள், ஏனென்றால் ரிப்ளை-டு வரியையும் பல சர்வர்கள் கையொப்பத்துக்குள் சேர்க்கின்றன. அந்த வரி மடலில் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்றே சேர்த்துக் கையொப்பமிடுவார்கள், நாம் புதிதாகச் சேர்த்தால் முறியும். இதே காரணத்துக்காக சென்டர் வரியைச் சேர்ப்பதையும் நிறுத்தலாம், அதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது.

தமிழ்க் குழுக்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். தமிழ் உரை பெரும்பாலும் யூடிஎஃப்-8, அதை பேஸ்64 என்ற குறியாக்கத்துக்கு மாற்றி அனுப்புகிறார்கள். அடிவரி சேர்க்க மெயில்மேன் அந்த உடலை அவிழ்த்து, சேர்த்து, மறுபடி குறியாக்கம் செய்கிறது. தமிழ் சப்ஜெக்ட் வரியும் துண்டு துண்டாகக் குறியாக்கப்பட்டுத்தான் வரும், பிரிஃபிக்ஸ் சேர்த்தால் அந்தத் துண்டுகள் எல்லாமே புதிதாக வெட்டப்படும். 'ரிலாக்ஸ்டு' முறைக் கையொப்பம் இடைவெளி மாற்றங்களையும் வரி மடிப்பையும்தான் பொறுத்துக்கொள்ளும், இதையெல்லாம் பொறுக்காது.

விலகும் வழி இல்லாமல் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். லிஸ்ட்-அன்சப்ஸ்க்ரைப் ஹெடரை மெயில்மேனே போடுகிறது. வடிகட்டுபவர்களை சப்ஜெக்டை விட்டுவிட்டு லிஸ்ட்-ஐடி ஹெடரைப் பிடிக்கச் சொல்லுங்கள், அதுதான் நம்பகமானது.

யாராவது டிகிமில் 'எல்' குறி வைத்து உடலின் முதல் பகுதிக்கு மட்டும் கையொப்பமிடச் சொன்னால் கேட்காதீர்கள். கையொப்பத்துக்குப் பிறகு எவரும் எதையும் ஒட்டலாம் என்று கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம் அது.

---

வடகரை

போஸ்ட்மாஸ்டர் சொல்லும் வழி நேர்மையானது, குழுவினர் ஒப்புக்கொண்டால் அதையே செய்யலாம். ஆனால் அது மட்டும் போதாது. சில சர்வர்கள் 'சிம்பிள்' முறையில் கையொப்பமிடுகின்றன, மெயில்மேன் ஹெடரை வேறு இடத்தில் மடித்தாலே அது முறியும். சில சர்வர்கள் லிஸ்ட்-ஐடி போன்ற ஹெடர்களையும் 'இல்லை' என்று சேர்த்துக் கையொப்பமிடுகின்றன, நீங்கள் மடலை எவ்வளவு கவனமாகத் தொடாமல் விட்டாலும் முறியும். மெயில்மேன் 2.1 கையொப்பம் பிழைத்ததா என்று பார்த்து முடிவெடுப்பதில்லை, பாலிசியை மட்டும்தான் பார்க்கிறது. ஆகவே ரிஜெக்ட் டொமைன்களுக்கு மஞ்ச் ஃப்ரம் இருக்கட்டும், மற்ற எல்லோருடைய மடலும் முழுதாகப் போகட்டும். அடிவரியை எடுப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.

---

நெய்தல்

இருவருக்கும் நன்றி. பவுன்ஸ் பிராசஸிங்கை நிறுத்திவிட்டேன். சப்ஜெக்டில் குழுப்பெயர் வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள், அதனால் மஞ்ச் ஃப்ரம் வைத்தேன். ஆனால் யாஹூ மடலில் ஃப்ரம் மாறவே இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வரவில்லை. இன்னொன்று: ஜிமெயிலிலிருந்து வந்த ஒரு பவுன்ஸில் அதே 5.7.26 எண் இருக்கிறது, ஆனால் எழுதியவரின் டொமைன் 'நன்' பாலிசி. அது எப்படி?

---

வடகரை

முதலாவது, பாலிசியைத் தேட மெயில்மேனுக்கு டிஎன்எஸ்-பைத்தான் நூலகம் வேண்டும். மூலநிரலிலிருந்து நிறுவும்போது இது விடுபடுவது சகஜம். இல்லாவிட்டால் பாலிசியே இல்லை என்று எடுத்துக்கொண்டு மடலை அப்படியே அனுப்பிவிடும். திரையில் எதுவும் வராது, 'எரர்' லாகில் மட்டும் டிஎன்எஸ் தேடல் கிடைக்கவில்லை என்று ஒரு வரி இருக்கும். மெயில்மேன் 2.1 ஓடுவது பைத்தான் 2-இல். ஆகவே டிஎன்எஸ்-பைத்தான் 1.16.0 பதிப்பைப் போடுங்கள், பைத்தான் 2-க்கு அதுதான் கடைசி. 2.0 முதல் பைத்தான் 3 மட்டுமே. போட்டபின் 'மெயில்மேன்சிடிஎல் ரீஸ்டார்ட்' கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரன்னர்களுக்கு (மெயில்மேனின் பின்னணி நிரல்களுக்கு) நூலகம் வந்தது தெரியாது. அடுத்த யாஹூ மடல் வந்ததும் 'வெட்' லாகைப் பாருங்கள், இந்த டொமைனுக்கு 'பி=ரிஜெக்ட்' கண்டேன் என்ற வரி இருந்தால் வேலை செய்கிறது.

இரண்டாவது, 5.7.26 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அதன் பக்கத்தில் உள்ள வாக்கியத்தைப் படியுங்கள். டிமார்க் பாலிசி என்று சொன்னால் ஆசிரியரின் டொமைன் பற்றியது. 'அனுப்புநர் அங்கீகரிக்கப்படவில்லை, எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும்' என்று சொன்னால் உங்கள் சர்வர் பற்றியது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இரண்டில் ஒன்று கட்டாயம். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5000 மடலோ அதற்கு மேலோ அனுப்புபவர்களுக்கு இரண்டும் கட்டாயம், டிமார்க் பதிவும் வேண்டும். பாதிக்கு மேல் ஜிமெயில் என்பதால், நாளொன்றுக்கு 25 மடல் ஓடினால் 400 பேர் குழுவும் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

உங்கள் எஸ்பிஎஃப்-இல் ஐபிவி4 மட்டும் இருந்து, சர்வர் சில நேரம் ஐபிவி6 வழியே ஜிமெயிலைத் தொட்டால் இப்படித்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் அந்த மடல் எந்த முகவரியிலிருந்து வெளியேறியது என்று பாருங்கள். ஐபிவி6 முகவரியையும் எஸ்பிஎஃப்-இல் சேர்த்து அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து சர்வர் பெயரைச் சொல்லும் பதிவு) போடுங்கள். முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

---

மணிமுத்தாறு

டிகிம் இன்னும் போடவில்லை என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அதை இனியும் தள்ளிப்போட வேண்டாம். காரணம் இதோ. உங்கள் உறுப்பினர்களில் சிலர் கல்லூரி முகவரியையோ அலுவலக முகவரியையோ கொடுத்திருப்பார்கள், அது தானாக ஜிமெயிலுக்குத் திருப்பி அனுப்பும்படி வைத்திருப்பார்கள். திருப்பி அனுப்பும் சர்வரின் ஐபி உங்கள் எஸ்பிஎஃப்-இல் இல்லை. ஃப்ரம் வரியைக் குழுவின் டொமைனாக மாற்றியிருந்தாலும் எஸ்பிஎஃப் அங்கே தோற்கும். உங்கள் டொமைனின் டிகிம் கையொப்பம் ஒன்றுதான் அந்த இரண்டாவது தாவலையும் தாண்டிப் போகும்.

டிகிம் கையொப்பமிட ஓப்பன்டிகிம் என்ற நிரலைப் போடுவதாக இருந்தால் மூன்று இடங்களில் சறுக்கும். 2048 பிட் சாவியின் பொதுப்பகுதி 255 எழுத்தைத் தாண்டும், டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரத்துக்கு அதுதான் எல்லை. ஒரே பதிவுக்குள் இரண்டு மேற்கோள் சரங்களாகப் பிரித்துப் போடவேண்டும். சில டிஎன்எஸ் நிர்வாகப் பக்கங்கள் தாமாகப் பிரிக்கும், சில சத்தமில்லாமல் வெட்டிவிடும். போட்ட பின் 'டிக்' கட்டளையால் முழுச் சாவியும் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது 'இன்டர்னல் ஹோஸ்ட்ஸ்', எந்த முகவரிகளிலிருந்து வரும் மடலுக்குக் கையொப்பமிடுவது என்ற பட்டியல். அதை எழுதாமல் விட்டால் 127.0.0.1 (அதாவது அதே சர்வர்) இயல்பாகவே உண்டு. நீங்களாக ஒரு கோப்பு கொடுத்தால் அதில் 127.0.0.1-ஐயும் எழுதியாகவேண்டும், இல்லையென்றால் மெயில்மேனிலிருந்து வரும் மடலுக்குக் கையொப்பம் இடாமல் சரிபார்க்க மட்டும் செய்யும்.

மூன்றாவது, ஓப்பன்டிகிம் எந்த டொமைனுக்குக் கையொப்பமிடுவது என்பதை ஃப்ரம் வரியைப் பார்த்தே முடிவுசெய்யும். மஞ்ச் ஆன மடலுக்குக் குழுவின் கையொப்பம் விழும். ஜிமெயில் ஆசிரியரின் மடல் மஞ்ச் ஆகாது, ஆகவே கையொப்பம் இல்லாமல் போகும். 'சென்டர் ஹெடர்ஸ்' அமைப்பில் முதலில் சென்டர், பிறகு ஃப்ரம் என்று வரிசை கொடுத்தால் எல்லா மடலிலும் விழும். அதற்கு மெயில்மேன் சென்டர் வரியைச் சேர்க்கவேண்டும், ஆகவே போஸ்ட்மாஸ்டர் சொன்ன அந்த ஒரு தேர்வை மட்டும் நீங்கள் மாற்றாமல் விடுங்கள். அந்தக் கையொப்பம் டிமார்க்குக்குப் பொருந்தாவிட்டாலும், கையொப்பமே இல்லாத மடல் என்ற காரணத்துக்காகத் தள்ளப்படாது.

ஆர்க் பற்றியும் யாராவது சொல்வார்கள். 2019-இல் ஆர்எஃப்சி 8617 ஆக வந்தது. மடல் உங்களிடம் வந்தபோது தேறியிருந்தது என்று நீங்கள் முத்திரை வைத்து அனுப்பும் முறை. போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் பெறுபவர் உங்கள் முத்திரையை நம்பினால்தான் பயன், சிறிய சர்வரை நம்புவார்கள் என்று உறுதி கிடையாது. ஆர்க் போட்டுவிட்டு மஞ்ச் ஃப்ரமை எடுத்துவிடாதீர்கள்.

---

போஸ்ட்மாஸ்டர்

நின்றுபோனவர்களை மீட்பது பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. 'லிஸ்ட் மெம்பர்ஸ்' கட்டளையில் 'நோமெயில்' தேர்வுக்கு 'பைபவுன்ஸ்' என்று கொடுத்தால் பவுன்ஸால் நின்றவர்களின் பட்டியல் மட்டும் கிடைக்கும். தாமாக நிறுத்திவைத்தவர்கள் அதில் வரமாட்டார்கள், அவர்களைத் தொடவும் கூடாது. 20 பேர் என்றால் உறுப்பினர் பக்கத்திலேயே டிக்கை எடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் மெயில்மேனின் 'வித்லிஸ்ட்' கட்டளை வழியே டெலிவரி நிலையை 'எனேபிள்டு' ஆக்குங்கள். அப்படி ஆக்கும்போதே பழைய பவுன்ஸ் கணக்கும் அழிந்துவிடும், தனியாக அழிக்க வேண்டாம். ஏற்கெனவே நீக்கப்பட்டவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், 'சப்ஸ்க்ரைப்' லாகில் தேடுங்கள்.

பவுன்ஸ் பிராசஸிங்கைத் திரும்ப 'யெஸ்' ஆக்கும் முன் 'எம்எம்சிஎஃப்ஜி' என்ற மெயில்மேன் அமைப்புக் கோப்பில் 'வெர்ப் ப்ரோப்ஸ்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். இயல்பில் இது 'நோ'. இதை வைத்தால் ஒருவரின் கணக்கு வரம்பைத் தொட்டதும் உடனே நிறுத்தாது. குழுவின் பெயரிலேயே ஒரு சோதனை மடல் அனுப்பும், அதுவும் திரும்பி வந்தால்தான் நிறுத்தும். சோதனை மடலின் ஃப்ரம் உங்கள் டொமைன், ஆகவே யாருடைய டிமார்க் பாலிசியும் அதில் குறுக்கிடாது. நாளை வேறொரு டொமைன் திடீரென்று ரிஜெக்டுக்கு மாறினாலும் உங்கள் உறுப்பினர்கள் பத்திரம். சோதனை மடலின் திரும்பும் முகவரியில் கூட்டல் குறி வரும், போஸ்ட்ஃபிக்ஸில் 'ரெசிபியன்ட் டெலிமிட்டர்' கூட்டலாக இருக்கவேண்டும். இல்லையென்றால் திரும்பும் மடல் மெயில்மேனை எட்டாது, செத்த முகவரியும் உயிரோடு இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும்.

---

நெய்தல்

டிஎன்எஸ்-பைத்தான் 1.16.0 போட்டதும் 'வெட்' லாகில் வரி வந்தது, யாஹூ மடல் ஜிமெயிலில் சேர்ந்துவிட்டது. ஐபிவி6 சந்தேகமும் சரிதான், எஸ்பிஎஃப்-இல் சேர்த்துவிட்டேன். டிகிம் வேலை நடக்கிறது. கடைசியாக ஒன்று: குழுவின் டொமைனுக்கே நாங்களும் ரிஜெக்ட் பாலிசி வைக்கலாமா?

---

மணிமுத்தாறு

குழு ஒரு தனித் துணை டொமைனில் இருந்து, அதிலிருந்து மெயில்மேன் தவிர வேறு எதுவும் அனுப்பவில்லை என்றால் வைக்கலாம். முதலில் 'நன்' வைத்து 'ஆர்யூஏ' முகவரி (டிமார்க் அறிக்கைகள் வந்து சேரும் முகவரி) கொடுத்து அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். உங்கள் ஐபியிலிருந்து போன மடல்கள் டிகிமிலும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு குவாரன்டைன், அப்புறம் ரிஜெக்ட்.

மனிதர்கள் அன்றாடம் எழுதும் முதன்மை டொமைனுக்கு மட்டும் ரிஜெக்ட் வைக்காதீர்கள். அந்த முகவரியிலிருந்து உங்கள் ஆட்கள் வேறு குழுக்களுக்கு எழுதுவார்கள். யாஹூ உங்களுக்குக் கொடுத்த அதே தொல்லையை அந்தக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு நீங்கள் கொடுப்பீர்கள். துணை டொமைனுக்குத் தனியாக ஒரு டிமார்க் பதிவு போட்டால் அதுதான் செல்லும், முதன்மை டொமைனின் 'எஸ்பி' மதிப்பு (துணை டொமைன்களுக்கான பாலிசி) அங்கே எடுபடாது.